மீன்தொட்டிக் கல்லை நிறம் பார்த்து வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டில் மீன்தொட்டி வைப்பது பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. எந்த மீன் வாங்கலாம், விளக்கு எத்தனை மணி நேரம் எரியலாம், மோட்டார் எப்படி மாட்டுவது என்றெல்லாம் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். தொட்டியின் அடியில் போடுகிற கல், மணல் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: பிடித்த நிறத்தில் கல் வாங்கிப் பரப்புங்கள், இல்லாவிட்டால் ஆற்று மணலைக் கழுவிப் போடுங்கள். அந்த வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. வேலூரில் அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் பாலாற்றுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போவார்களோ, எத்தனை வீட்டில் ஊதாவும் பச்சையுமாகக் கலர் கல் இறங்குமோ என்று கவலையாக இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறேன், இடம் இருக்கிற அளவுக்கு வெளியிடுங்கள்.

மீன்தொட்டியின் அடியில் கிடக்கும் கல் அழகுக்குப் போட்டது என்றுதான் கிட்டத்தட்ட எல்லோருமே நினைக்கிறார்கள், ஆனால் தண்ணீரைச் சுத்தமாக வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை, எதிலாவது ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. பில்டர் பஞ்சு, கண்ணாடிச் சுவர், அதற்கு அடுத்து கல்லும் மணலும். புதுத் தொட்டியில் இவை போதுமான அளவுக்குப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். அதனால்தான் வாங்கிவந்த முதல் பத்து நாளிலேயே மீன் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிறது. வீட்டில் பிள்ளைகள் அழுகிறார்கள், பெரியவர்கள் ராசி இல்லை என்கிறார்கள்.

நம் ஊரில் இது வேறு ஊர்களைவிட முக்கியம், காரணமும் இருக்கிறது. தண்ணீரில் உள்ள அம்மோனியா எல்லாமே ஒரே மாதிரி விஷம் இல்லை, அதில் ஒரு பங்குதான் கடும் விஷமான வடிவத்தில் இருக்கும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் பி.எச். அளவும் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டுகிற எண்) வெப்பமும். பி.எச். 7, வெப்பம் 25 டிகிரி என்றால் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதே 25 டிகிரியில் பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஐந்துக்கு மேல். வெப்பம் 30 டிகிரிக்குப் போனால் ஏழுக்கு மேல். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ போர் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் பி.எச். 8 என்பது அதிசயம் இல்லை. கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது மாடி வீட்டுத் தொட்டித் தண்ணீர் 32 டிகிரிக்கு வந்துவிடுகிறது, சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். ஆகவே கல்லின் இடுக்கில் ஒரு கைப்பிடித் தீனி அழுகிக் கிடந்தால் ஊட்டியில் ஒரு தொட்டி தாங்கிக்கொள்வதை வேலூரில் மே மாதத்தில் ஒரு தொட்டி தாங்காது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் கலர் மீன் கடைகளில் அதிகம் விற்கிற பெரிய கூழாங்கல்லும் கண்ணாடிக் கோலிகளும் ஏன் வேண்டாம் என்பது புரியும். கல் பெரிதாக இருந்தால் இடைவெளியும் பெரிதாக இருக்கும். தீனி நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துவிடும், மீன் வாய்க்கு எட்டாது, அடி அழுக்கை உறிஞ்சி எடுக்கிற சைஃபன் குழாய்க்கும் எட்டாது, மேலே இருந்து பார்த்தால் தொட்டி பளிச்சென்று இருக்கும். மணல் என்றால் தீனி மேலேயே கிடக்கும். மீன் பொறுக்கித் தின்னும், மிச்சத்தை நாம் உறிஞ்சி எடுத்துவிடலாம். நடுத்தரமாக 2 முதல் 4 மில்லிமீட்டர் கல் என்றால் வாரத்துக்கு ஒருமுறை சைஃபனை உள்ளே குத்திக் கிளறிச் சுத்தம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். 'சக்கர் மீன் ஒன்று போடுங்கள், எல்லாக் கழிவையும் தின்றுவிடும்' என்று கடையில் சொல்வார்கள். அது பாசியைச் சுரண்டும், அடியில் விழுந்த தீனியைத் தின்னும், மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. அதுவே ஓர் அடிக்கு மேல் வளர்கிற மீன், கழிவும் அந்த அளவுக்குப் போடும். வளர்ந்த பிறகு இடம் போதாமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்களே, அந்தக் கொடுமையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

கல்லா மணலா என்று கேட்டால், முதலில் என்ன மீன் என்று நான் திருப்பிக் கேட்பேன். கோல்டு ஃபிஷ் நாள் முழுக்கத் தரையைக் கிளறி வாயில் அள்ளித் துப்பிக்கொண்டே இருக்கும். அதன் வாய்க்குள் போகிற, ஆனால் சுலபமாக வெளியே வராத அளவில் கல் இருந்தால் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். எனவே அதற்கு மணல் போடுங்கள், அல்லது வாயில் நுழையவே நுழையாத கல்லாக ஓர் அடுக்கு மட்டும் போடுங்கள், இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவுதான் ஆபத்து. கோரி வகை மீன்கள் மீசையால் தரையைத் தடவித் தீனி தேடும், கூரான கல்லும் அழுக்கான தரையும் அந்த மீசையைத் தின்றுவிடும். நம் ஊர் ஏரியிலும் கால்வாயிலும் பிள்ளைகள் பிடித்து வருகிற அயிரை இருக்கிறதே, அது பயந்தால் தலைகுப்புற மணலுக்குள் புதைந்துகொள்கிற ஜாதி, ஆரலும் அப்படித்தான். அவற்றைக் கல் தரையில் விடுவது கொடுமை, ஒளிய இடமில்லாமல் உடம்பெல்லாம் உரசிப் புண்ணாகும். கப்பி, மோலி, பிளாட்டி, ஏஞ்சல் போன்றவை மேலேயும் நடுவிலும் நீந்துபவை, அவற்றுக்கு எது போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குஞ்சு பொரிக்க வைக்கிற தொட்டிக்கும், நோய் வந்த மீனைப் பிரித்து வைக்கிற தொட்டிக்கும் ஒன்றுமே போடாமல் வெறும் கண்ணாடியாக விடுவதுதான் நல்லது.

அப்புறம் தண்ணீர். வேலூரில் வெந்நீர் வைக்கிற அண்டாவில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா, அப்படியானால் உங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், அதில் சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கடையில் வெள்ளை வெளேரென்று பாக்கெட்டில் விற்கிற சிப்ஸ் கல் பெரும்பாலும் மார்பிள். மார்பிள், சிப்பி ஓடு, சுண்ணாம்புக் கல் எல்லாம் ஒரே குடும்பம், கால்சியம் கார்பனேட். தண்ணீரில் மெல்லக் கரைந்து கடினத்தையும் பி.எச். அளவையும் ஏற்றும். இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: ஏற்கெனவே நன்றாகக் கடினமான போர் தண்ணீரில் மார்பிள் அவ்வளவாகக் கரையாது, கப்பியோ மோலியோ வைத்திருந்தால் அவற்றுக்கு அது கெடுதலும் இல்லை, அவை கடினத் தண்ணீரை விரும்புபவை. தொந்தரவு வருவது டெட்ரா, டிஸ்கஸ் மாதிரி மென்தண்ணீர் (சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீர்) மீன் வாங்கிவிட்டு, அதற்காகக் காசு கொடுத்துக் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ கலந்து ஊற்றுகிறவர்களுக்கு. மேலே ஊற்றுகிற மென்தண்ணீரைக் கீழே கிடக்கும் கல் நாளுக்கு நாள் கடினமாக்கிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இதேதான் நடந்தது. அவர்கள் வாங்கிய கடையில் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மீன் சாகச் சாக மருந்து மட்டும் விற்றார்கள். கல்லை எடுத்துவிட்டு, எடுத்த அன்றே தண்ணீரையும் மொத்தமாக மாற்றாமல் வாரா வாரம் கொஞ்சமாக மாற்றியதும்தான் மீன் தேறியது.

கல் எந்த வகை என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கல்லை உடைத்துப் பொடி பண்ணி அதன்மேல் வினிகர் நாலு சொட்டு விடுங்கள், எலுமிச்சைச் சாறும் ஓரளவு வேலை செய்யும். நுரைத்துப் பொங்கினால் அதில் கார்பனேட் இருக்கிறது. முழுக் கல்லின் மேல் விட்டால் சில மார்பிளில் குமிழி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக வரும், அதனால்தான் பொடி. இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால், ஆர்.ஓ. மிஷின் வைத்திருக்கிற வீடுகளில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவைப் பார்க்கிற பேனா மாதிரிக் கருவி இருக்கும், நன்றாகக் கழுவிய கல்லை ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு வாரம் ஊறப்போட்டு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள், எண் நன்றாக ஏறியிருந்தால் கல்லிலிருந்து ஏதோ கரைகிறது. கலர் கல்லையும் இப்படி ஊறப்போடலாம். மங்கிய சாயம் தண்ணீரில் இறங்கினாலோ விரலால் தேய்க்கும்போது மேல்பூச்சு உரிந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

கடலில் எடுத்த பவளத் துண்டுகளை அலங்காரத்துக்கு விற்கிறார்களே, அதை வாங்கவே வாங்காதீர்கள். கல் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை.

இனி பாலாற்று மணல். என் வருத்தம் அதிகம் இருப்பது இங்கேதான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கிற ஆறு இது. தோல் பதனிடுகிற இடத்திலிருந்து வருவது உப்பும் குரோமியமும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் கொடுத்த தீர்ப்பை நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்; மாசு செய்தவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது அந்தத் தீர்ப்பு. அப்படியும் தீராமல் 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றம் பாலாறு மாசு பற்றி உத்தரவு போட வேண்டி வந்தது. ஆற்றில் எல்லா இடத்து மணலும் கெட்டுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தொழிற்சாலைகள் இல்லாத இடத்தில் எடுத்த மணலும் ராணிப்பேட்டைக்குக் கீழே எடுத்த மணலும் ஒன்றாக இருக்காது. ஆனால் கையில் அள்ளிய மணலில் என்ன கலந்திருக்கிறது என்று வீட்டில் கண்டுபிடிக்க வழி இல்லை. வினிகர் சுண்ணாம்பைக் காட்டும், குரோமியத்தைக் காட்டாது. உப்பு கழுவினால் போகும், கல் துகளோடு ஒட்டிய உலோகம் பத்துத் தண்ணீரில் அலசினாலும் முழுசாகப் போய்விட்டது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சின்னத் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம், மீன் அதிலேயே இருபத்து நாலு மணி நேரமும் மூச்சு விடுகிறது.

அதைவிட முக்கியம், அந்த மணல் ஆற்றில்தான் இருக்க வேண்டும். மேலே வறண்டு கிடக்கிற பாலாறு மணலுக்கு அடியில் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது. கரையோர ஊர்களுக்கு ஆற்றுக்குள் தோண்டிய கிணறுகளிலிருந்துதான் தலைமுறை தலைமுறையாகக் குடிநீர் வந்தது, ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குப் பாய்ச்சியதும் அந்த மணல் தேக்கிய தண்ணீரைத்தான். லாரி லாரியாக அள்ளிய பிறகு பல இடத்தில் களிமண் தரை தெரிகிறது. ஒரு பை மணலால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். அனுமதி இல்லாமல் ஆற்று மணல் எடுப்பது ஒரு பையானாலும் தப்புதான், அதைப் பத்திரிகையே வாசகர்களுக்குச் சொல்லித் தரக் கூடாது. என் கடிதத்தில் வேறு எதையும் போட இடமில்லாவிட்டாலும் இந்தப் பத்தியைத் தயவுசெய்து போடுங்கள்.

சரி, அப்படியானால் எதைத்தான் போடுவது? வீடுகளுக்கும் அபார்ட்மென்ட்களுக்கும் தண்ணீர் வடிகட்டும் பிளான்ட் வைத்துத் தருகிற கடைகள் நம் ஊரில் நிறைய. அந்த வடிகட்டிக்குள் நிரப்புவதற்கென்று சலித்துத் தரம் பிரித்த சிலிக்கா மணலும் சின்னக் கூழாங்கல்லும் மூட்டையாக வரும். குடிக்கிற தண்ணீர் போகிற பாதைக்கென்று தயாரித்தது, சுண்ணாம்பு கலக்காதது, ஒரே அளவானது, கலர் கல்லைவிட விலையும் குறைவு. 1 முதல் 2 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள், பெரும்பாலான மீன்களுக்கு அது சரியாக வரும். அயிரை, கோரி மாதிரி தரையில் வாழ்பவை என்றால் அதைவிட நைஸான, முனை மழுங்கிய மணலாகக் கேளுங்கள். வாங்கியதையும் வினிகர் விட்டுப் பார்த்துவிடுவது நல்லது. எம் சாண்ட் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கருங்கல்லை உடைத்த தூள்தான் அது, தண்ணீரின் தன்மையைப் பெரிதாக மாற்றாது, ஆனால் முனை எல்லாம் கூராக இருக்கும், மாவு மாதிரி தூசி எத்தனை முறை அலசினாலும் வந்துகொண்டே இருக்கும். வேறு கிடைக்காதவர்கள் கப்பி மாதிரி மீனுக்குப் போட்டுக்கொள்ளட்டும், தரையில் வாழ்கிற மீனுக்கு வேண்டாம்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலத் தொட்டி என்றால் 60 செ.மீ., 30 செ.மீ. அதில் 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப 9 லிட்டர் கொள்ளளவு. மணலோ கல்லோ லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, ஆக 14 கிலோ. மணலாக இருந்தால், செடி நடாத தொட்டிக்கு 2 அல்லது 3 செ.மீ. போதும், அதற்குமேல் போட்டுக் கிளறாமல் விட்டால் அடியில் காற்றே இல்லாமல் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வரும், அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்கு ஆகாது. அப்படிக் கறுத்துப்போன தரையை ஒரே நாளில் கிளறி விடாதீர்கள், வாரத்துக்கு ஓர் ஓரமாகச் செய்யுங்கள். அடியில் தட்டு வைத்து அதன் வழியாகத் தண்ணீரை இழுக்கிற அண்டர் கிராவல் பில்டர் வைத்திருப்பவர்கள் மணல் போடவே கூடாது, துளை அடைத்துவிடும், அதற்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் கல்தான். தொட்டி வைக்கிற மேசையையும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி உயரத் தொட்டி தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து நூறு கிலோவை நெருங்கிவிடும்.

செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கடையில் ஆக்குவாசாயில் என்று கறுப்பு உருண்டையாக ஒன்றை நல்ல விலைக்குக் காட்டுவார்கள். மண்ணைச் சுட்டு உருட்டியது. நல்ல பொருள்தான், தண்ணீரின் கடினத்தையும் பி.எச். அளவையும் இறக்கும், செடிக்குச் சத்தும் கொடுக்கும். ஆனால் நம் போர் தண்ணீரை வாரா வாரம் மாற்றி ஊற்றினால் அந்த இறக்குகிற சக்தி சீக்கிரமே தீர்ந்துவிடும், கொடுத்த காசுக்குப் பாதிப் பலன்கூட இருக்காது. ஆரம்ப வாரங்களில் அதிலிருந்தே அம்மோனியா வேறு வரும், மீனை உடனே விடக் கூடாது. போர் தண்ணீர் மட்டும்தான் என்பவர்கள் சாதாரண மணலிலேயே வாலிஸ்னேரியா நட்டு, வேருக்கு உர மாத்திரை வைத்துப் பாருங்கள், கடினத் தண்ணீரில் அது புல் மாதிரி பரவும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்ற இரண்டு செடிகளையும் மணலில் புதைக்காமல் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள், தண்டைப் புதைத்தால் அழுகும்.

ஏற்கெனவே வேண்டாத கல் போட்டுவிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட வேண்டாம். பில்டர் பஞ்சைத் தொடாமல், பாதிக் கல்லை எடுங்கள், இரண்டு மூன்று வாரம் கழித்து மீதி. பழைய கல்லைக் கழுவி மறுபடி போடுவதானால் குழாயடியில் வைத்துக் கழுவாதீர்கள். மாநகராட்சிக் குழாயில் வருகிற தண்ணீர் காவிரித் தண்ணீரானாலும் வேறானாலும் குளோரின் கலந்தது, பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு பக்கெட்டில் அலசுங்கள். அந்த அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் ரோஜாவுக்கோ முருங்கைக்கோ ஊற்றலாம், அதில் இருக்கிற நைட்ரேட் செடிக்கு உரம்.

கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாக்கெட்டில் நிறத்தின் பெயரை மட்டும் எழுதாமல் மார்பிளா, சிலிக்காவா, சாயம் ஏற்றியதா, எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். கேட்கிறவர்களுக்கு மட்டும் சொல்வது போதாது, கேட்கத் தெரியாமல்தான் முக்கால்வாசிப் பேர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. ஆற்று மணல் பற்றிய அந்த வரிக்கு அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே ஒரு திருத்தம் போடுங்கள். கோடை விடுமுறை தொடங்கியதும்தான் வீடுகளில் புதுத் தொட்டி வாங்குவார்கள், அதற்கு முன்னால் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.